சம்பந்தி கேட்ட மிலிட்டரி பாட்டில்

மூத்த பேத்தி பேங்கில் சேர்ந்துவிட்டாள். சின்னவள் நர்சிங் முடித்துவிட்டாள். பேரன் பட்டாளத்தில் நாயக் ஆகிவிட்டான்.

இன்று ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில், பேரனுக்குப் பார்த்திருக்கும் பெண்ணின் அப்பா முன்சீட்டில் இருந்தார்.

“பையன் குடிப்பாரா ஆச்சி?”

“தொடவே மாட்டான்.”

சந்தோஷமாகத் தலையாட்டினார். இறங்கும்போது என் பக்கம் குனிந்தார்.

“அப்ப அவருக்கு மிலிட்டரி கேன்டீன்ல தர்ற சரக்கு பாட்டிலு சும்மாதான கெடக்கும்? லீவுக்கு வாரப்ப ரெண்டு கொண்டாரச் சொல்லுங்க.”

வாயில் ஏலக்காய் வாசம்; எந்த வாசத்தை மறைக்கவோ.

என்னைச் சோதிக்கிறாரா, நிஜமாகவே கேட்கிறாரா? கொடுத்தால் பேரனைக் குடிகாரன் என்பாரோ? கொடுக்காவிட்டால் பெண் தராமல் போவாரோ?

இதைப் படிக்கிற பட்டாளத்து வீட்டுக்காரர்கள் யாராவது சொல்லுங்கள்.

பேராண்டி, பேஸ்புக்கில் நீ கிளாஸோடு நிற்கிற போட்டோவில் இருப்பது டீ என்றே நம்புகிறேன். இருந்தாலும் யூனிபார்மில், இரண்டு கையும் தெரிய, புதிதாக ஒன்று போடு.