காரடியில் கட்டிய கல்லுப்பு

மெக்கானிக்கை நான் அடித்தது மூன்று அடி. முதல் இரண்டும் தோளில் விழுந்தன. மூன்றாவது, உள்ளங்கை முழுதாக இடது காதில் விழுந்தது. பட்டறைக்கு எதிரே டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் டம்ளரை வாயருகே பிடித்தபடி நின்றுவிட்டார்கள். அவர் ஜாக்கியின் மேல் சரிந்து, காதைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்.

எனக்குக் கை முந்தும், புத்தி பிந்தும். வீட்டில் இதுவரை இரண்டு ரிமோட், ஒரு மிக்ஸி மூடி, குளியலறைக் கதவின் தாழ்ப்பாள் எல்லாம் என் கோபத்துக்குப் பலியாகியிருக்கின்றன. வேங்கிக்காலில் நான் வேலை பார்க்கும் அலுவலகத்தில் மனு கொடுக்க வருகிறவர்கள் முதலில் என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் காகிதத்தை நீட்டுவார்கள். இதைக் கொஞ்சம் பெருமையாகக்கூட நினைத்திருந்தேன். மனிதர் மேல் கை வைத்தது அன்றைக்குத்தான், அதுவும் என்னைவிடப் பத்து வயது மூத்தவர் மேல்.

போளூர் ரோட்டில் தகரக் கூரை போட்ட பட்டறை அவருடையது. பானட்டைத் திறப்பதற்கு முன்பே தலையைச் சாய்த்து, இடது காதை வண்டியின் பக்கம் கொடுத்துக் கொஞ்ச நேரம் நிற்பார். "தண்ணி பம்ப்புல பேரிங் பூட்ச்சி சார்" என்பார். திறந்து பார்த்தால் அதுதான் போயிருக்கும். மற்ற மெக்கானிக்குகளே புரியாத சத்தம் வந்தால் வண்டியை அவரிடம் ஓட்டி வருவார்கள். அந்தக் காதை வைத்துத்தான் அவர் வீட்டில் உலை கொதித்தது.

ஏன் அடித்தேன் என்றால், முதல் நாள் என்னை அடித்திருந்தார்கள்.

அடி அண்ணாமலை கிராமத்தில் ஒரு வளைகாப்புக்குப் போய்விட்டு மகளோடு திரும்பிக்கொண்டிருந்தேன். என் கார் இருபது வருஷத்துக்கும் மேல் பழையது. முன்னால் போன பஸ் சட்டென்று நின்றது. பிரேக்கை மிதித்தேன். பெடல் சேற்றில் இறங்குவதுபோலத் தரைவரைக்கும் போனது. மறுபடி மிதித்தேன், அங்கே ஒன்றுமே இல்லை. ஹேண்ட் பிரேக்கை இழுத்துக்கொண்டே ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடித்தேன். ஒடித்த இடத்தில் கரும்பு ஜூஸ் வண்டி நின்றிருந்தது. கரும்புக் கட்டு, கண்ணாடி டம்ளர்கள், ஐஸ் பெட்டி எல்லாம் பானட்டின் மேல் வந்து விழுந்தன. ஜூஸ்காரர் எகிறிக் குதித்தும் அவர் முழங்காலில் தோல் உரிந்துவிட்டது. பின் சீட்டில் இருந்த மகள் முன் சீட்டில் முட்டி, மேல் உதடு கிழிந்து, பட்டுப் பாவாடை முழுக்க ரத்தம்.

கதவைத் திறப்பதற்குள் யாரோ காலரைப் பிடித்து வெளியே இழுத்தார்கள். "குடிச்சிட்டா ஓட்ற?" என்று ஒரு குரல். இல்லை என்று சொல்வதற்குள் முதுகில் ஒரு குத்து விழுந்தது. தர்ம அடி என்பதை அதுவரை வேடிக்கைப் பேச்சாகத்தான் நினைத்திருந்தேன். யார் அடிக்கிறார்கள் என்றே தெரியாது. உருண்டு கிடந்த கரும்பையே எடுத்து என் தொடையில் விளாசினார்கள். "எங்கப்பாவ உடுங்க! பிரேக் புடிக்கல!" என்று மகள் வாயெல்லாம் ரத்தத்தோடு கத்தினாள். கடைசியில் ஜூஸ்காரரே நொண்டிக்கொண்டு வந்து நடுவில் நின்றார். "போதும் உடுங்கப்பா, கொழந்த அழுவுது." அவர் வண்டியைப் பிறகு நான் சரிசெய்து கொடுத்தேன். அவர் தடுத்ததற்கு ஈடாக எதையும் கொடுக்க முடியவில்லை.

கூட்டத்தில் ஒருவர் என் பெடலைக் கையால் அமுக்கிப் பார்த்துவிட்டு, "ஆமாப்பா, பெடலே இல்ல. எவன்யா இதுக்கு மெக்கானிக்கு?" என்றார். அந்தக் கேள்வி எனக்கு மருந்துபோல இருந்தது. வாங்கிய அடியையெல்லாம் கொண்டுபோய்க் கொடுக்க ஓர் ஆள் கிடைத்துவிட்டார். மூன்று மாதத்துக்கு முன்பு போளூர் ரோட்டு மெக்கானிக்தான் பிரேக் ஷூ மாற்றினார். அன்றைக்கே அவர், "அடியில போற பிரேக் பைப்பு துரு புடிச்சிக்கீது சார். மொத்தமா மாத்திடலாம், ஜாஸ்தி ஆவாது" என்று சொன்னதும், "அடுத்த மாசம் பாத்துக்கலாம்" என்று நான் சொன்னதும் எனக்கு நினைவுக்கு வரவில்லை. வந்திருந்தால் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது?

மறுநாள் காலை காரைக் கயிறு கட்டி இழுத்து வந்து பட்டறையில் விட்டுத்தான் அந்த மூன்று அடியை அடித்தேன்.

பக்கத்து லேத் பட்டறைக்காரர் இரும்புத் தடியோடு ஓடிவந்தார். "எங்க அண்ணன் மேலயே கை வெக்கிறியா? மண்டைய பொளந்துடுவேன்." பொளந்துமிருப்பார். மெக்கானிக் உட்கார்ந்தபடியே கையை நீட்டித் தடுத்தார். "உடுப்பா. மொதல்ல அவரு வண்டிய பாக்கட்டும்."

ஒரு கையால் காதைப் பொத்திக்கொண்டு, மறு கையால் ஜாக்கியை அடித்துப் பின்பக்கத்தைத் தூக்கினார். அடியில் கட்டை கொடுத்துவிட்டு, "குனிங்க சார்" என்றார். குனிந்தேன். பின் அச்சுக்கு மேலே, பிரேக் பைப் வளைந்து போகும் இடத்தில், ஒரு சிவப்புத் துணி மூட்டை கம்பியால் இறுக்கிக் கட்டப்பட்டிருந்தது. அது நான் கட்டியது.

கல்லுப்பு, படிகாரம், காய்ந்த மிளகாய். எங்கள் தெருவில் முதலில் கார் வாங்கியவன் நான். கண் படும் என்று பயம். முன்பக்கம் தொங்கவிட்டால் ஆபீசில் கேலி செய்வார்கள் என்று வெட்கம். அதனால் யார் கண்ணிலும் படாமல் அடியில் கட்டினேன். கட்டுவதற்குத் தோதாக அங்கே ஏதோ ஒரு குழாய் ஓடியது. அது என்னவென்று நான் கேட்கவில்லை. அமாவாசைக்கு அமாவாசை புது உப்பு போட்டேன். மழையிலும், நான் பீய்ச்சியடித்துக் கழுவிய தண்ணீரிலும் உப்பு கரைந்து அந்தக் குழாயிலேயே ஊறியிருக்கிறது.

"போன தபா நான் அறுத்துப் போட்டேன். உப்பு பைப்ப தின்னுடும்னு சொன்னேன். நீங்க இன்னா சார் சொன்னீங்க?"

"சாமி விஷயத்துல கை வெக்காதீங்க" என்று கத்தியிருந்தேன். கத்தியதோடு நிற்காமல், இனி யாரும் அறுக்க முடியாதபடி வீட்டில் கம்பி எடுத்து முறுக்கிக் கட்டினேன். அவர் ஸ்குரூ டிரைவர் நுனியால் அந்த இடத்தைத் தொட்டார். பைப் அப்பளம்போல நொறுங்கி அவர் மணிக்கட்டில் உதிர்ந்தது.

லேத்காரர், "இந்த வண்டி இங்க நிக்கக் கூடாது" என்று தடியை ஓங்கினார். மன்னிப்புக்கூடக் கேட்காமல் காரை மறுபடி கயிறு கட்டி வீட்டுக்கே இழுத்துப் போனேன். போனதும் அந்த மூட்டையைப் பிய்த்தெடுத்து, வாசலில் வைத்துக் கருங்கல்லால் அடித்தேன். உப்பு பொடியான பிறகும் அடித்தேன். கையில் கொப்புளம் வந்ததும்தான் நிறுத்தினேன்.

வீட்டுக்கே வந்து பார்த்த இன்னொரு மெக்கானிக், "ஓட்டை துண்ட மட்டும் வெட்டிட்டு ரப்பர் டியூப்ப சொருகி கிளிப்பு போட்டுர்றேன் சார். ரொம்ப கம்மியில முடியும்" என்றார். நான் தலையாட்டவே போனேன். உதட்டில் தையலோடு பக்கத்தில் நின்ற மகள், "அது புட்டுக்கினா இன்னாப்பா பண்ணுவ? இந்த தபா யார அடிப்ப?" என்று கேட்டாள். வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்குக் கோபம் வரவேண்டிய இடத்தில் பயம் வந்தது.

போளூர் ரோட்டுப் பட்டறைக்கு நடந்தே போனேன். அவர் காதில் பஞ்சு வைத்திருந்தார். சவ்வு கிழிந்திருக்கிறது, தானாக மூடலாம், மூடாமலும் போகலாம், இரண்டு மாதம் பார்க்கவேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"நான் அடிச்சது தப்புங்க."

"தப்புதான் சார்" என்றார். ஒரு நட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு, "வண்டிய கொண்டாங்க. பாப்பா ஏறுற வண்டி" என்றார்.

இந்தக் காருக்குக் கம்பெனி பைப் இப்போது வருவதில்லை. அவர் சென்னையிலிருந்து செம்பும் நிக்கலும் கலந்த பிரேக் பைப்பைச் சுருளாக வரவழைத்தார். ஃபிரிட்ஜுக்குப் போடும் செம்புக் குழாய் இன்னும் மலிவாயிற்றே என்றேன். "அது அதிர்வுல விரிசல் உட்டுடும் சார்" என்றார். பழைய பைப்புகளைக் கழற்றித் தரையில் பரப்பி, அவற்றைப் பார்த்தே புதியதை வளைத்தார். ஒவ்வொரு முனையையும் விரித்து, உள்ளே ஒரு மடிப்பு மடித்தார். ஒரு மடிப்பு கொஞ்சம் கோணியதும் அந்த முனையை வெட்டி எறிந்துவிட்டு மறுபடி செய்தார். நல்ல நட்டுகளைச் சுத்தம் செய்து திரும்பப் போட்டார். நான்கு சக்கரத்துக்கும் மொத்தமாக மாற்றியும், நான் பயந்ததில் பாதிகூட ஆகவில்லை.

கடைசி வேலை, பைப்பிலிருந்து காற்றை எடுப்பது. அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பெடலை மிதித்துப் பிடித்துக்கொண்டு குரல் கொடுக்கவேண்டும், மற்றவர் அடியில் படுத்துச் சக்கரத்தில் காற்று வெளியேறும் நிப்பிளைத் திறந்து மூடவேண்டும். மூடுவதற்குள் காலை எடுத்துவிட்டால் காற்று திரும்பிப் போய்விடும். லேத்காரர் வர மறுத்துவிட்டார். நான் சீட்டில் உட்கார்ந்தேன். என்னை நம்பி அவர் காருக்கடியில் போனார்.

"மிதிங்க."

மிதித்தேன். "மிதிச்சிட்டேன்."

"மிதிங்க சார்."

"மிதிச்சிட்டேங்க!"

"மிதிச்சீங்களா, இல்லியா?"

ரோட்டில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். அடியில் படுத்திருந்த அவருடைய இடது காதுதான் என் பக்கமாக இருந்தது.

"கத்தாதீங்க சார், இந்தப் பக்கம் ஒண்ணும் கேக்கல" என்றார். "மிதிச்சதும் கதவுல கையால ஒரு அடி அடிங்க. வண்டி அதிரும், எனக்குத் தெரியும்."

அடித்தேன். அதே வலது கை. நான்கு சக்கரம் முடியும்வரை, பெடலை மிதிப்பதும் கதவை அடிப்பதுமாக உட்கார்ந்திருந்தேன். கொப்புளம் உடைந்து தகரத்தில் ஈரம் பட்டது. ஒவ்வொரு அடிக்கும் அவர் அடியிலிருந்து, "சரி" என்றார்.

முடித்ததும் அவரே பலம்கொண்ட மட்டும் பெடலை மிதித்து ஒரு நிமிஷம் பிடித்தார். நான் படுத்து ஒவ்வொரு இணைப்பையும் காகிதத்தால் துடைத்துப் பார்த்தேன். கசிவு இல்லை. என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஆள் இல்லாத மண் பாதையில் மெதுவாக ஓட்டி, நிறுத்தி, மறுபடி ஓட்டினார். பெடல் கல்லாக நின்றது.

ரோட்டுக்கு ஏறுமுன் வண்டியை நியூட்ரலில் போட்டுவிட்டுத் தலையைச் சாய்த்தார், வழக்கம்போல இடது பக்கமாக. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"சார், என்ஜின்ல ஏதாச்சும் சத்தம் வருதா, கேட்டு சொல்லுங்க."