பத்துப் புகார்களும் ஒரு பதிலும்

நேயர் கடிதத்துக்கு முப்பது நாளில் எழுத்துமூலம் பதில் தரப்படும் என்பது எங்கள் எல்லைப்புறச் சமுதாய வானொலியே அறிவித்த விதி. மனைவி போனபின் அதன் தமிழ் நிகழ்ச்சியைத் தினமும் கேட்டு, எங்கள் ஊர் நல்லேப்பிள்ளி முகவரியிலிருந்து பிழைகளை எழுதி அனுப்பினேன். கும்மிப் பாட்டைப் பாதியில் வெட்டினார்கள், நெல் ரகத்தின் பெயரைத் தவறாகச் சொன்னார்கள். பத்துப் புகார், மூன்று நினைவூட்டல்; பதில் இல்லை. எல்லாவற்றுக்கும் நகல் வைத்திருந்தேன்.

பிறகு காய்ச்சல். இரண்டு வாரம் எழுதவில்லை. படுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தபோது, நிகழ்ச்சி நடத்தும் பெண் சொன்னாள்:

"ஏனுங்க, நல்லேப்பிள்ளி ஐயா! ரெண்டு வாரமா உங்க புகாரக் காணோமுங்க. நாங்க தப்புப் பண்ணாமயா இருந்திருப்போம்? உடம்புக்கு ஏதாச்சுமுங்களா? இன்னிக்குக் கும்மி முழுசாப் போடறோமுங்க."

"காய்ச்சல்தானம்மா" என்றேன் வானொலிப் பெட்டியிடம். அதுவரை யாரும் என்னிடம் கேட்கவில்லை.

விதிப்படி அது பதிலே அல்ல. ஆனாலும் கோப்பில் எழுதிக்கொண்டேன்: பதில் கிடைத்த நாள், ஆடி பதினெட்டு.