சத்தம் கேட்டு வாங்கிய கீபோர்டு

உங்கள் வீட்டில் யாராவது கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து சம்பளத்துக்கு வேலை பார்க்கிறார்களா பிள்ளைகளே? அப்படியென்றால் அவர்கள் காதோடு மாட்டியிருக்கும் மைக் எவ்வளவு தூரம் கேட்கும் என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். எங்களுக்கு அது பிந்தித்தான் தெரிந்தது.

நான் கூடலூரில் தேங்காய் மண்டியில் தரம் பிரிக்கிறவன். எட்டாவதோடு படிப்பு நின்றுபோனது. என் மகள் கல்லூரி முடித்தவள். கேரளத்தை ஒட்டிய ஊர் என்பதால் மலையாளமும் தடங்கல் இல்லாமல் பேசுவாள். அதனாலேயே ஒரு பார்சல் கம்பெனி அவளை வேலைக்கு எடுத்துக்கொண்டது. வீட்டில் இருந்தபடியே பேசலாம். பார்சல் வரவில்லை என்று போனில் கத்துகிறவர்களுக்குப் பதமாகப் பதில் சொல்ல வேண்டும்; சொல்லிக்கொண்டே அவர்கள் தருகிற விலாசத்தைக் கம்ப்யூட்டரில் அடிக்க வேண்டும். மண்டியில் எனக்கு வேலை குறைந்துபோன பிறகு வாடகையும் அரிசியும் அவள் சம்பளத்தில்தான் வந்தன.

அந்த வேலையில் ஒரு சங்கதி உண்டு. அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே திரையின் மூலையில் ஒரு சிவப்புப் புள்ளி வரும். மேலே இருக்கிற அதிகாரி அந்தப் பேச்சைக் கேட்கிறார் என்று அர்த்தம். அவர் ஆணா பெண்ணா, எந்த ஊர்க்காரர், எதுவும் தெரியாது. எப்போது வருவார், எப்போது போவார் என்பதும் தெரியாது. புள்ளி வந்தால் மகளுடைய முதுகு விறைத்துக்கொள்ளும். கதவோரம் நிற்கிற நான் அந்த முதுகைப் பார்த்தே புள்ளி வந்துவிட்டதைத் தெரிந்துகொள்வேன்.

லேப்டாப்பின் எழுத்துக் கட்டைகளில் சில மக்கர் பண்ண ஆரம்பித்தன. ஒரு தரம் அழுத்தினால் விழாது. ஓங்கி அழுத்தினால் இரண்டாக விழும். கதவு எண் தப்பாகப் பதிவாகி யாருடைய பார்சலோ யார் வீட்டுக்கோ போய்விட்டது. முதல் எச்சரிக்கை வந்தது. மூன்று வந்தால் அவள் கணக்கை மூடி வேலையை விட்டே எடுத்துவிடுவார்கள்.

"இனி இத நம்ப முடியாதுப்பா. தனியா ஒரு கீபோர்டு வாங்கணும்" என்றாள் மகள்.

எங்கள் வீட்டில் சிக்னல் கிடைக்கிற இடம் ஒன்றே ஒன்று, உயரத்தில் இருக்கிற கிழக்கு ஜன்னல். லேப்டாப் அந்த ஜன்னல் கட்டையில்தான் இருக்கும். இதுவரை நின்றபடியே அடித்தவள், இனிமேல் கீழே தையல் மிஷின் பலகையைப் போட்டு உட்கார வேண்டும். அதனால் வயர் இல்லாத கீபோர்டாக இருக்க வேண்டும். பலகை சின்னது, வலப்பக்கம் தனியாக எண் கட்டைகள் வைத்த நீளமான கீபோர்டு அதில் நிற்காது. அதே சமயம் அம்புக்குறிக் கட்டைகள் இல்லாத மிகச் சின்னதும் ஆகாது. ரப்பர் வைத்த மலிவு கீபோர்டு ஒன்றை முன்பே வாங்கியிருந்தோம், அது அமுங்கிப்போய்க் கிடந்தது. ஒவ்வொரு கட்டைக்கும் கீழே தனி ஸ்பிரிங் இருக்கிற மெக்கானிக்கல்தான் தாங்கும் என்றாள். கையில் இருந்தது இரண்டாயிரத்து ஐந்நூறு. அவளுக்கு லீவு கிடையாது. நான் தேனிக்கு பஸ் ஏறினேன்.

கடைக்காரர் இரண்டை எடுத்து வைத்தார். ஒரே அளவு, ஒரே விலை. இரண்டிலும் பேட்டரி சார்ஜ் ஆகும். லேப்டாப்பில் செருகுகிற நகம் மாதிரிச் சின்னத் துண்டும் கூடவே இருந்தது.

"புளூ வேணுமா, ரெட்டு வேணுமாண்ணே?"

"நெறத்துல என்னப்பா இருக்கு?"

"நெறம் இல்லண்ணே, உள்ள இருக்கிற சுவிட்சு. தட்டிப் பாருங்க, தெரியும்."

தட்டிப் பாருங்க என்று சொன்னால் எனக்கு வேறென்ன தோன்றும்? இத்தனை வருஷமாக நான் செய்கிற வேலையே அதுதான். நல்ல காய் கணீரென்று சொல்லும். மந்தமாகச் சொன்னால் உள்ளே அழுகல் என்று ஒதுக்கிவிடுவேன். ரெட்டைத் தட்டினேன். பொத்தென்றது. புளூவைத் தட்டினேன். டக் டக்கென்று ஒவ்வொரு கட்டையும் தன் பேரைச் சொல்வது மாதிரி சொல்லிற்று. நாலைந்து கட்டைகளைக் குனிந்து காது கொடுத்துக் கேட்டேன். கடைக்காரர் சிரித்தார்.

"என்னண்ணே, தேங்காயா வாங்குறீக?"

"நல்லதா பாக்க வேணாமா தம்பி? இதையே கட்டுங்க."

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் என் வீட்டுக்காரி அதன் தலைமாட்டில் சந்தனம் வைத்துக் குங்குமம் இட்டாள். புதுச் சாமான் எது வந்தாலும் அப்படித்தான். மகள் நாலு வரி அடித்துப் பார்த்தாள். எழுத்தெல்லாம் சுத்தமாக விழுந்தது. ஆனால் அவள் முகம் மாறியது.

"அப்பா, இது இம்புட்டுச் சத்தம் போடுதே."

"சத்தம் வந்தாத்தான ஆத்தா நல்ல சரக்கு?"

அவளுக்குச் சிரிக்கவும் முடியவில்லை, கோபப்படவும் முடியவில்லை. வேறு கீபோர்டு இல்லை. காலையில் அதையே வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

ஆடிக் காற்று ஊதிக்கொண்டிருந்த நேரம். எங்கள் பள்ளத்தாக்கில் அந்தக் காற்று மலையிடுக்கில் புகுந்து வந்து கதவுகளை அறையும். அதற்கும் மேலே கேட்டது கீபோர்டுச் சத்தம். பாலக்காட்டிலிருந்து ஒருவர் பேசினார். மகள் விலாசம் அடிக்க அடிக்க, "அவிடெ என்தா, பொளிக்குகயாணோ?" என்று அவர் கத்தியது, அவள் காதில் மாட்டியிருந்ததையும் தாண்டி, கதவோரம் நின்ற எனக்கே கேட்டது. அங்கே என்ன, எதையாவது இடித்துத் தள்ளுகிறீர்களா என்று அர்த்தம். மகள் மன்னிப்புக் கேட்டாள். அந்த நேரம் பார்த்துப் புள்ளி வந்திருந்தது.

மத்தியானமே இரண்டாவது எச்சரிக்கை வந்துவிட்டது. பின்னணிச் சத்தம் என்று போட்டிருந்தார்கள். இன்னும் ஒன்றுதான் பாக்கி.

மறுபடியும் தேனிக்கு ஓடினேன். கடைக்காரர் பெட்டியைத் திறந்து கீபோர்டைத் திருப்பிப் பார்த்தார்.

"சந்தனம் வச்சுட்டீகளேண்ணே! இத நான் புதுசுன்னு எவன்கிட்ட விக்க?"

"தொடச்சுத் தாரேன் தம்பி."

"மஞ்சக் கறை இடுக்குல எறங்கிருச்சு. மாத்தித் தர முடியாது. ஒண்ணு செய்யலாம். இதுல சுவிட்ச மட்டும் புடுங்கிட்டு வேற போடலாம். சத்தமே இல்லாத சுவிட்சு இருக்கு. காசு தனி. உக்காருங்க, நீங்களும் ஒரு கை புடிங்க."

எந்த மாதிரி வாங்குவதென்றாலும், சுவிட்சைக் கழற்றி மாற்ற முடியுமா என்று கேட்டு வாங்குங்கள் பிள்ளைகளே. எங்களுக்கு அது கேட்காமலே அமைந்திருந்தது. சின்ன இடுக்கியால் அவர் ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட, நான் புதியதை வைத்து அழுத்தினேன். சாயங்காலம் ஆகிவிட்டது. கடைசியில் விரலால் ஓடவிட்டுப் பார்த்தேன். மணலில் நடக்கிற மாதிரி இருந்தது. என் காதுக்கு அது அழுகல் காய்தான். இருந்தாலும் கும்பிட்டு வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் காலையிலேயே புள்ளி வந்தது. போகவில்லை. ஒருவர் பேசி முடித்து அடுத்தவர் வந்தார், அதற்கடுத்தவர் வந்தார், புள்ளி அங்கேயே இருந்தது. நானும் வீட்டுக்காரியும் அடுப்படியில் மூச்சுக்கூட மெதுவாக விட்டோம். கீபோர்டு ஒரு சத்தமும் காட்டவில்லை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் புள்ளி அணைந்தது. எச்சரிக்கை எதுவும் வரவில்லை. பிழைத்தோம் என்று நினைத்தேன்.

அந்த வாரக் கடைசியில் கம்பெனியிலிருந்து எல்லோருக்கும் ஒரு தகவல் வந்தது. மகள் அதை வாசித்துக் காட்டினாள். இனிமேல் புள்ளி வராது. அதிகாரிகளுக்குப் பதிலாக ஒரு மெஷின் கேட்கும். எல்லாப் பேச்சையும், முதலிலிருந்து கடைசிவரை. பின்னால் சத்தம் கேட்டால் அதுவே குறித்துக்கொள்ளும்.

"அப்ப அது எந்நேரம் கேக்குதுன்னு எப்பிடித் தெரியும்?" என்றாள் என் வீட்டுக்காரி.

"எந்நேரமும் கேக்கும்மா."

"சாப்பிடப் போகாதா?"

மகள் அந்தத் தகவலை இன்னொரு தரம் முதலிலிருந்து வாசித்தாள்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் குக்கர் விசில் விடிவதற்குள் முடிந்துவிடுகிறது. ஆடிக் காற்றுக்குக் கதவுகளைக் கயிறு போட்டுக் கட்டிவிட்டோம். எனக்குத் தும்மல் வந்தால் தெருவுக்கு ஓடுகிறேன். உப்பு வேண்டுமென்றால் வீட்டுக்காரி விரலைக் காட்டுகிறாள், எனக்குப் புரிகிறது. வேலை நேரம் முடிந்து மகள் மைக்கைக் கழற்றிய பிறகும் நாங்கள் உடனே பேசுவதில்லை. பேச வேண்டும் என்று யாருக்காவது ஞாபகம் வர வேண்டியிருக்கிறது.

நேற்று வெங்காயம் விற்கிற ஆட்டோ ஸ்பீக்கரைப் போட்டுக்கொண்டு எங்கள் தெருவுக்குள் திரும்பியது. நான் பாய்ந்துபோய்க் கையைக் காட்டி மறித்தேன்.

"தம்பி, அத கொஞ்சம் அமத்துங்க. வீட்டுல பொண்ணு வேல பாக்குது."

"என்னண்ணே இது! பள்ளிவாசல் தெருவுலயும் இதேதான் சொன்னாக, மேலத் தெருவுலயும் இதேதான் சொன்னாக. ஒங்க ஊருல எல்லா வீட்டுலயும் பொண்ணுக வேல பாக்குதாக்கும்? நான் வாயப் பொத்திக்கிட்டுப் போனா, வெங்காயம் எறங்கி வந்து கதவத் தட்டுமா?"

"தட்டிராமப் பாத்துக்கங்க தம்பி. மெஷினுக்கு அதுவும் கேக்கும்."

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு ஸ்பீக்கரை அமர்த்தினார். இன்ஜினையும் அணைத்துவிட்டு, இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டே எங்கள் வீட்டைக் கடந்தார். நானும் பின்னால் ஒரு கை கொடுத்தேன். யாரும் வெளியே வரவில்லை, யாரும் வாங்கவில்லை. தெருக் கடைசிவரைக்கும் என் மகளின் குரல் மட்டும் கேட்டுக்கொண்டே வந்தது: "வணக்கம் சார், சொல்லுங்க, கேட்டுக்கிட்டு இருக்கேன்."