தயிர்ச்சட்டிக்குக் காத்திருந்த கணக்குப் பாடம்

படிப்பிக்கிற வேலையில் கத்திக் கத்தித் தொண்டை கட்டுவது பெரிய விசயமில்லை, வாயை மூடிக்கொண்டு இருப்பதுதான் கஷ்டம். என்னோடு படிப்பித்துச் சோக்குத்தூள் தின்ற உங்களுக்கு அது தெரியும். எழுபதுகளில் திருகோணமலைத் துறைமுகத்தடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்புக்கு நான் தமிழ் ரீச்சர்.

கேற்றடி வெயில்

மூதூரிலிருந்து அந்த வகுப்புப் பிள்ளைகள் சிலர் லோஞ்சு என்கிற மோட்டார்ப் படகில் குடாவைக் கடந்து வருவார்கள். வந்து சேர முதலாம் பாடம் தொடங்கிவிடும். பிந்தினால் பாடம் முடியும்வரை வாசல் கேற்றடியில் வெயிலில் நிற்கவேண்டும். முதலாம் பாடமோ எந்நாளும் கணக்கு. காலையில்தான் மூளை தெளிவாக இருக்குமாம்!

அவர்களில் சபியா மற்றப் பாடமெல்லாம் வெளுத்துக்கட்டுவாள், கணக்கில் மட்டும் முட்டை. அடுத்த தவணையும் முட்டையென்றால் படிப்பை நிறுத்திவிடுவதாக அவளுடைய வாப்பா சொல்லிவிட்டார். எனக்குக் கோபம் வந்தது. வெள்ளென எழும்பி வர ஏலாதோ என்று அவளிடமே பாய்ந்தேன்.

“நாங்க வெள்ளனயே ஏறிக் குந்திருவம் ரீச்சர். சந்தைக்குப் போற தயிர்ச்சட்டி எல்லாம் ஏத்தினாப் பொறகுதான் லோஞ்சு வெளிக்கிடும்.”

கணக்கு மாஸ்டர்

மாஸ்டர் நல்ல மனுசன். ஆனால் லோஞ்சில் வாற பிள்ளைகளுக்குக் கணக்கு ஏறாது, அது பிறவியிலேயே அப்படி என்பார். ஒருநாள் பொறுக்கமுடியாமல், “அதுகள் உங்கட வகுப்பில இருந்து எப்பவாவது கண்டிருக்கிறீங்களோ?” என்று கேட்டேன். அவர் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

“அட, ஓமெல்லே! ஒருதரும் இருந்ததில்லையே!”

அதிபரின் நியாயம்

கணக்கை மூன்றாம் பாடமாக மாற்றுங்கள் என்று பள்ளிக்கூட அதிபரிடம் போனேன். “எல்லாருக்கும் ஒரே மணி, ஒரே கேற். இதைவிட என்ன நியாயம் வேணும்?” என்றார். “எல்லாரும் ஒரே லோஞ்சில வரேல்லையே சேர்” என்றேன். துரத்திவிட்டார். அடுத்த கிழமையும் போனேன். அதற்கடுத்த கிழமையும் போனேன். என்னைக் கண்டாலே மனுசன் கதிரையை விட்டு எழும்பத் தொடங்கினார். கடைசியில் மூன்றாம் பாடமாகத் தான் எடுத்த இங்கிலிஷை முதலாம் பாடமாக்கி, கணக்கை அந்த இடத்துக்குத் தள்ளினார்.

“இந்தாங்கோ, மாத்தியாச்சு. இனி இந்தக் கதையோட என்ர அறைப்பக்கம் வரப்படாது!”

வெறும் வாங்கு

சபியா கணக்குப் பாடத்தில் இருந்தாள். பிறவியில் வராத கணக்கு அவளுக்கு மளமளவென்று வந்தது. அந்தத் தவணை பாஸ். வாப்பாவும் படிப்பை நிறுத்தவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஆனால் அதற்கு முதலே இன்னொன்று நடந்தது. தன் இங்கிலிஷ் பாடத்தில் லோஞ்சுப் பிள்ளைகள் இருக்கிற கடைசி வரிசை வாங்கு வெறுமையாய்க் கிடப்பதை அதிபர் சில நாள் பார்த்தார். பிறகு பிரம்போடு இறங்குதுறைக்கே போய், லோஞ்சுக்காரரைப் பிடித்துக்கொண்டார். அடுத்த நாளிலிருந்து தயிர்ச்சட்டி இரண்டாம் லோஞ்சில் வந்தது, பிள்ளைகள் மணி அடிக்கமுதல் வந்தார்கள். அதிபர் அப்படி என்னதான் சொன்னார் என்று சபியாவைக் கேட்டேன்.

“‘இவ்வளவு நாளும் கணக்குத்தானே போச்சுது, போகட்டும், இப்ப போறது என்ர இங்கிலிஷ்!’ எண்டு கத்தினாரு ரீச்சர்.”

நியாயம் கேட்டு நான் கத்தின கத்து அதிபரின் அறைக் கதவைத் தாண்டவில்லை, அவருடைய பாடத்தில் ஒரு வாங்கு வெறுமையாய்க் கிடந்தது குடாவையே தாண்டிவிட்டது.