கல்லெருமையை யாரும் கொல்லாதீங்க

லிப்ட் மெக்கானிக்குக்கு எரிச்சல் வருவதற்குக் காரணம் தேவையில்லை. வராமல் இருக்கத்தான் காரணம் வேண்டும். பொத்தானைத் திரும்பத் திரும்ப அமுக்குகிறவர்களைக் கண்டால் அவருக்கு ரத்தம் கொதிக்கும். "அமுக்குனா அது பயந்து ஓடி வருமா சார்? அதுவே கம்பியில தொங்கிட்டிருக்கு, அதுக்கு ஆயிரம் கவலை," என்பார். தலைக்கு மேலே மோட்டார் அறை, காலுக்குக் கீழே இருட்டுப் பள்ளம், நடுவில் முழங்கைவரை கிரீஸோடு இவர். வாரம் இப்படித்தான் ஓடும்.

அந்த வாரம் எரிச்சலுக்கு அசல் காரணமே கிடைத்துவிட்டது. அவர் பல வருடமாக ஆடும் ஆன்லைன் விளையாட்டில் முதல் குகையை எடுத்துவிடப் போகிறார்களாம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சர்வரை நிறுத்தி, குகையை இடித்துவிட்டு, அந்த இடத்தில் துணிக்கடை வைக்கிறார்களாம். குகைக்குள் இருக்கும் கல்லெருமைதான் அந்த விளையாட்டின் முதல் பாஸ், அதாவது அடித்துச் சாய்க்க வேண்டிய முதல் பெரிய எதிரி.

"துணிக்கடையாம்! எருமை நின்ன எடத்துல ஜிகினாத் தொப்பி விக்கிறானாம்!"

மனைவி துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. நாளெல்லாம் ஊருக்கே ஊசி குத்திவிட்டு வந்தவளை ஒரு எருமை என்ன செய்யும்?

"எனக்கு ஒரு தொப்பி வாங்கிக் குடுங்க," என்றாள்.

ஆனால் அந்த எருமை லேசுப்பட்டதில்லை. ஆரம்பத்தில் அதை எப்படி அடிப்பதென்று எவனுக்கும் தெரியாது. சொல்லிக் கொடுக்கவும் ஆளில்லை. அது தலையைக் குனிந்தால் தூணுக்குப் பின்னால் ஓட வேண்டும் என்று கண்டுபிடிப்பதற்கே ஒரு மழைக்காலம் முழுக்கச் செத்தார்கள். இவர் கேடயத்தோடு முன்னால் நின்று அடி வாங்குவார். இன்றைய மச்சான், அன்றைக்கு வெறும் கூட்டாளி, பின்னாலிருந்து அம்பு விடுவான். மருந்து போட்டு உயிரைத் தேற்றும் வேலைக்குத்தான் நாதியில்லை. அதில் பெயரும் கிடைக்காது, செத்தவனெல்லாம் திட்டுவான். கடைசியில் மச்சான் தன் அக்காவை இழுத்து வந்தான். அவள் மைக்கில் இவரிடம் பேசிய முதல் பேச்சு, "செத்துட்டீங்க. எந்திரிங்க." அதில் விழுந்தவர்தான், இன்றுவரை எழுந்திருக்கவில்லை.

கல்யாணத்துக்குப் பிறகு அவள் விளையாட்டை விட்டுவிட்டாள். இப்போது இருவரும் பேசிக்கொள்வதெல்லாம் குழாய் ஒழுகுவதைப் பற்றித்தான். குகையை மூடுவதற்குள் அந்தக் காலத்து மாதிரியே மூன்று பேருமாக எருமையை இன்னொரு தரம் சாய்க்க வேண்டும் என்றார் மெக்கானிக். கேட்டால் எருமைக்காக என்பார். நம்பாதீர்கள்.

விளையாட்டில் இத்தனை வருடம் ஆடி வளர்த்த பழைய வீரர்களைக் கொண்டுபோனால் ஊதினாலே எருமை விழுந்துவிடும். அத்தனை பலம் சேர்த்து வைத்திருக்கிறார்கள். ஆகவே மூவரும் அடிமட்டத்திலிருந்து புது ஆட்களை உருவாக்கினார்கள்; மனைவி மட்டும் 'வெறும் கேம்தானே' என்று முனகிக்கொண்டே. வேலை முடிந்து வந்து நரி, தேள் என்று அடித்து லெவல் ஏற்ற வேண்டும். இவர் தேளோடு மல்லுக்கட்டும்போது மனைவி ஓடைக்கரையில் பூப்பறித்துக்கொண்டிருந்தாள்.

"பூவையா பறிச்சிட்டிருக்க?"

"ஊதா கலர்ங்க. நல்லாயிருக்கு."

ஞாயிறு மதியம் ஒருவழியாகக் குகைக்குள் போனார்கள். மச்சான் அவன் வீட்டிலிருந்து போனில் இருந்தான். மெக்கானிக் கேடயத்தை உயர்த்தி எருமையின் எதிரே நின்றார். மேலிருந்து தங்க இறக்கையோடு எவனோ ஒரு பெரிய லெவல் ஆட்டக்காரன் இறங்கினான். ஒரே வெட்டு. எருமை பொலபொலவென்று உதிர்ந்தது.

'கஷ்டப்பட்டீங்களே அண்ணா, அதான் ஹெல்ப் பண்ணேன்' என்று எழுதிவிட்டுப் பறந்தான்.

"யார்றா உன்னைக் கேட்டா!" என்று மெக்கானிக் திரையைப் பார்த்துக் கத்தினார். எருமை மறுபடி முளைக்க அரை மணி நேரம் ஆகும். முளைத்தது. இந்தத் தரம் ஒரு நல்ல மனசுக்காரப் பொண்ணு நெருப்பு மழை பெய்துவிட்டுப் போனாள். உலகத்தில் இத்தனை நல்லவர்கள் இருப்பது அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"டேய் மச்சான், நீ குகை வாசல்ல போய் நில்லு. எவனையும் உள்ள விடாத."

"நான் என்ன மாமா வாட்ச்மேனா? வெளிய ஒரு கும்பலே உதவி பண்ண நிக்குது."

"கால்ல விழு. உதவி வேணாம்னு சொல்லு."

எருமை முளைத்தது. அம்பு விட ஆளில்லாமல் புருஷனும் பெண்டாட்டியும் மட்டும். இவர் குத்துவார், அது முட்டும், அவள் மருந்து போடுவாள், இடையில் தன் தடியால் ஒரு தட்டு தட்டுவாள். ஒரு நேரத்தில் இரண்டில் ஒன்றைத்தான் செய்ய முடியும்.

"குனியுது! தூணு!"

"எந்தத் தூணு?"

"இருக்கறதே ஒண்ணுதான்!"

வாசலில் மச்சான் யார் யாரையோ கெஞ்சுவது போனில் கேட்டது. சர்வர் நிற்கப் போகிறது என்று திரையில் சிவப்பு எழுத்து ஓட ஆரம்பித்தது. எருமைக்கு நூலளவு உயிர். இவருக்கு அதுவும் இல்லை. கேடயம் உடைந்து, கத்தி தவறி, எருமை கடைசியாகக் கொம்பைத் தூக்கியது.

"அடி! அடி! அடிச்சிடு!"

அவள் விரல் பொத்தானில் விழுந்தது. பச்சை வெளிச்சம் இவர் தலைமேல் கொட்டியது. உயிர் நிரம்பி, சிவந்து செழித்து, புது மாப்பிள்ளை மாதிரி நின்றார். திரை இருண்டது.

மெக்கானிக் ஹெட்செட்டைக் கழற்றி மேசையில் போட்டார்.

"ஒரு தட்டு! லேசாத் தட்டியிருந்தா விழுந்திருக்கும்! எனக்கு எதுக்கு மருந்து போட்ட?"

"நீங்க சாகப் போனீங்க."

"செத்தா என்ன? அது கேம்!"

"அதைத்தானே ஒரு வாரமா நான் சொல்லிட்டிருக்கேன்."

இன்னும் திட்ட வேண்டும் என்று வாயைத் திறந்தார். அவள் முகம் ஓடிக் களைத்தவள்போல் சிவந்திருந்தது. மவுஸிலிருந்து கையை இன்னும் எடுக்கவில்லை. என்ன திட்டுவதென்று மறந்துபோனது.

போனில் மச்சான் கத்தினான். "மாமா! எருமை செத்துச்சா இல்லையா?"

"இல்லடா. உங்கக்கா காப்பாத்திட்டா."

"எதை? எருமையையா?"

"போனை வைடா!"