பானைக்குப் போடாத ஊசி

ஆடிப்பூரத் தேருக்கு அம்மா ஸ்ரீவில்லிபுத்தூர் ரத வீதியில் கம்பங்கூழ் விற்பாள். ராஜபாளையத்தில் மில் கேட்டுக்கு எதிரே அன்றாடம் விற்பது சாப்பாட்டுக்குச் சரியாய்ப் போகும். தேர் வியாபாரம்தான் கையில் நிற்கும். அந்த ஆண்டு அது என் கல்லூரிக்கு. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போனவனே நான் ஒருவன்தான். இடம் கிடைத்திருந்தது, தேர் முடிந்த மறுநாள் பணம் கட்டுவதாகச் சொல்லிவிட்டு வந்திருந்தேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. கோடையிலிருந்தே வாந்திபேதி. எங்கள் தெருவில் காலை ஷிப்டுக்கு நடந்து போனவர் மறுநாள் பாடையில் போனார். அதனால் அரசாங்கம் சொன்னதையெல்லாம் நான் நம்பினேன். தண்ணீரைக் கொதிக்க வையுங்கள் என்று ஆட்டோவில் சொல்லிக்கொண்டு போனார்கள். கூழைக் கரைக்கிற தண்ணீரையும் கொதிக்க வைக்கச் சொல்லி அம்மாவை நச்சரித்தேன்.

"ஏலே, கூழே கொதிச்சதுதான? வெறகு ஒங்க சர்க்காரா குடுக்கு?" என்று ஏசிக்கொண்டே கொதிக்க வைத்தாள்.

தேரன்று ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் சுகாதாரப் பிரிவுக்காரர்கள் மறித்தார்கள். மேசை போட்டு வாந்திபேதித் தடுப்பூசி போட்டுக்கொண்டிருந்தார்கள். கூடையோடு வந்த பெண்கள் நழுவப் பார்த்தபோது, சுகாதார ஆள் ஒருவர் சத்தம் போட்டார்: "ஊசி போட்டவங்கதான் கடை போடலாம். மத்தவங்க அடுத்த பஸ்ஸுல ஏறுங்க."

உடனே வரிசை நீண்டது. ஊசியை யாருக்குப் பிடிக்கும்? கடைக்காகத்தான் நின்றார்கள். அம்மாவுக்கு முன்னால் நின்ற வெள்ளரிக்காய்க்காரி போட்டு முடித்ததும் கூடையை மேசையில் தூக்கி வைத்தாள். "ஏட்டி நர்சு, இதுகளுக்கும் ஆளுக்கொண்ணு போட்டுரு. பொறவு எவனாச்சும் கேப்பான்!" வரிசையே சிரித்தது. நர்சும் சிரித்தாள்.

மதியத்துக்குள் அம்மாவுக்கு ஊசி போட்ட வலது கை வீங்கிக் காய்ச்சல் அடித்தது. இடது கையாலேயே மொண்டு ஊற்றினாள். தேர் தெற்கு ரத வீதி திரும்பியிருந்தது. கூட்டம் இனிமேல்தான் எங்கள் பக்கம் வரும். அதற்குள் சுகாதார ஆய்வாளர் வந்துவிட்டார். பின்னால் பினாயில் டின்னோடு இரண்டு பேர்.

"தொறந்த பாத்திரத்துல எதுவும் விக்கக்கூடாது. தெரியாதா?"

அம்மா ரவிக்கைக் கையை மேலே ஏற்றி வீக்கத்தைக் காட்டினாள். "ஊசி போட்டவுக விக்கலாம்னு பஸ் ஸ்டாண்டுல சொன்னாகளே ஐயா."

"ஊசி ஒனக்குப் போட்டதும்மா. கூழுக்கா போட்டாங்க?"

பக்கத்தில் இருந்த வெள்ளரிக்காய்க்காரி இந்தத் தடவை சிரிக்கவில்லை.

நான் முன்னால் போய், கரைத்த தண்ணீர்கூடக் கொதிக்க வைத்தது என்றேன். கிருமி எந்தச் சூட்டில் சாகும் என்று பாடத்தில் படித்ததைச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"படிக்கிறியா தம்பி?"

"காலேஜுல சேரப் போறேன் சார்."

"அப்ப நீதான் அம்மாவுக்கு எடுத்துச் சொல்லணும்" என்றார். பானைக்குள் பினாயில் விழுந்தது. வெள்ளையாகக் கலங்கியது. வெள்ளரிக்காய்க் கூடைக்கும் அதே கதி.

தேர் வந்தது. வெயிலில் வடம் இழுத்தவர்களுக்குக் குடிக்க ஏதாவது வேண்டுமே. சாக்கடைக்குள் முக்கால்வாசி முங்கிக் கிடந்த தெருக்குழாயில் வாய் வைத்துக் குடித்தார்கள். அதன் பக்கம் டின் போகவில்லை. ஊசிக் கணக்கை மேலிடத்தில் காட்டலாம், கொட்டிய கூழையும் காட்டலாம். ஒழுகும் குழாயை யாரிடம் போய்க் காட்டுவது?

கல்லூரிக்கு நான் போகவில்லை. மில் கேட் எதிரேயும் பானை வைக்க விடவில்லை. தடை நீங்கியபோது அந்த இடத்தில் யாரோ ஒருவரின் டீக்கடை, தகரக் கூரையோடு.

மறு ஆண்டு ஆடியில் சுகாதாரப் பிரிவில் தற்காலிக வேலைக்கு ஆள் எடுத்தார்கள். குரல் கணீரென்று இருந்ததால் என்னை ஆட்டோவில் உட்கார வைத்து மைக்கைக் கொடுத்தார்கள். கூழ், பதநீர், நறுக்கிய பழம் விற்கக் கூடாது, மீறினால் அழிக்கப்படும். அதைச் சொல்லிக்கொண்டு போக வேண்டும். தேரன்று காலையில் கிளம்பும்போது, அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று வாசலில் நின்றேன். அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது.

"நல்லாச் சத்தமாச் சொல்லுலே," என்றாள். "நீ வாரது கேட்டா அவளுக பானையத் தூக்கிட்டு ஓடிருவாளுக."

ரத வீதிக்கு இரண்டு தெரு முன்னாலேயே மைக்கைப் போட்டுச் சத்தமாகச் சொல்ல ஆரம்பித்தேன்.