பூட்டுக்குப் பதில் வந்த பெட்டி

கிரில் கதவுக்கு அளவெடுக்க ஆள் வந்துவிட்டுப் போன அன்று சாயங்காலம்தான் நாகஜோதி அந்த மினி பிசி என்கிற குட்டிக் கம்ப்யூட்டருக்கு ஆர்டர் போட்டாள்.

அளவெடுக்கச் சொன்னவன் அவளுடைய அண்ணன் முத்துகிருஷ்ணன். திருப்பூரிலிருந்து போனில் தீர்மானமாகச் சொல்லிவிட்டான்.

"கதவு போட்டு, கொண்டி வச்சு, வெளிய பூட்டிட்டு வேலைக்குப் போ. அய்யா உள்ள பத்திரமா இருக்கும். ஞாயித்துக்கெழம நானே வாரேன். நின்னு மாட்டிட்டுத்தான் போவேன்."

"அய்யா என்ன ஆடாண்ணே, கொட்டில்ல போட்டு அடைக்க?"

"உப்பு லாரில அடிபட்டுக் கெடக்குறதுக்கு இது தேவலைல?"

போன மாதம் அப்படி ஒரு லாரி அவருக்கு ஒரு முழம் தள்ளி நின்றதை சாயல்குடியே பார்த்தது.

அவள் அய்யா செல்லச்சாமி வேலை பார்த்ததெல்லாம் பஸ்ஸில்தான். கண்டக்டர். ஓய்வு பெற்றார், மனைவி வீரலட்சுமி போய்ச் சேர்ந்தாள், அதற்கப்புறம் ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஆள் இறங்குவதுபோல அவரிடமிருந்து ஒவ்வொரு ஞாபகமாக இறங்கிக்கொண்டது. மகள் பெயர்கூடச் சில நாள் இறங்கிப்போகும். டூட்டி மட்டும் கடைசி சீட்டில் உட்கார்ந்திருந்தது. பகலில் ஏதோ ஒரு நேரம் எழுந்து காக்கிச் சட்டையை மாட்டுவார், தோல் பையைத் தோளில் போடுவார், நடந்துவிடுவார். இரண்டு திருப்பம் தாண்டினால் கிழக்குக் கடற்கரைச் சாலை.

நாகஜோதிக்கு வேலை முதுகுளத்தூரில், ஒரு ஸ்கேன் சென்டரில். எடுக்கிற படங்களையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றிப் பத்திரப்படுத்துவது அவள் பொறுப்பு. கல்யாணமாகிப் போன சில வருடத்திலேயே திரும்பி வந்தவள். ஏன் என்று தெரு கேட்டுப் பார்த்தது. அவள் சொல்லவில்லை, தெருவும் விட்டுவிட்டது. வேலையை விட்டால் வீடு ஓடாது. விடாவிட்டால் பூட்டு.

வீட்டில் ஏற்கெனவே ஒரு கேமரா இருந்தது. ஆனால் அது பார்ப்பதையெல்லாம் எங்கோ வெளியூர் கம்ப்யூட்டருக்கு அனுப்பி, அங்கிருந்துதான் அவள் போனுக்குச் சேதி வரவேண்டும். ஆடிக் காற்று அடித்தால் எங்கள் ஊரில் நெட் நிற்காது. நெட் போனால் கேமராவும் குருடு. பார்க்கிற கண்ணும் யோசிக்கிற மூளையும் வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும் என்று அவள் முடிவுக்கு வந்தாள். வீட்டுக்கென்று ஒரு சர்வர். பழைய கம்ப்யூட்டரைப் போட்டால் அது இழுக்கிற கரண்டில் இன்வெர்ட்டர் மதியத்துக்குள் படுத்துவிடும். மினி பிசி ஒரு குண்டு பல்பு அளவுக்குக்கூட இழுக்காது.

பெயர் கேள்விப்படாத கம்பெனி. வந்து இறங்கியதும் எதிர்வீட்டுத் தையல் கடை யுவராணி கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இம்புட்டுத்தானாடி? நான் என்னமோ பீரோ மாதிரி வரும்னு பாத்தேன். டிபன் டப்பா கணக்கா இருக்கு."

"இதுதான் மதினி அய்யாவப் பாத்துக்கப் போகுது."

"அப்ப நான் எதுக்கு?"

"நீங்க ஓடிவரணும்ல."

ஏற்பாடு இதுதான். வாசலில் ஒரு கேமரா, சந்துப் பக்கம் ஒரு கேமரா. ஆள் வெளியே கால் வைத்தால் பெட்டி கண்டுபிடித்து, யுவராணி கடையில் மாட்டியிருக்கும் மணியை அடிக்கும். அதற்கு வீட்டு வைஃபை போதும், நெட் வேண்டாம். நெட் இருந்தால் நாகஜோதியின் போனுக்கு ஒரு படமும் போகும். ஞாயிற்றுக்கிழமைக்குள் இந்தப் பெட்டியை நம்பலாமா கூடாதா என்று தெரிந்தாக வேண்டும்.

முதல் சோதனையிலேயே பெட்டி தோற்றது. ஓடிக்கொண்டிருக்கும்போது பிளக்கைப் பிடுங்கினாள். திரும்பச் சொருகினாள். இருட்டு. பொத்தானை அமுக்கினால்தான் எழுந்தது. நாள் முழுக்க கரண்டு போய் இன்வெர்ட்டரும் தீர்ந்தால், மறுபடி வரும்போது யார் வந்து அமுக்குவது? பெட்டி எழும்போதே உள்ளே போய், அமைப்புகளில் பக்கம் பக்கமாகத் தேடினாள். கரண்டு திரும்பினால் தானே எழு என்பதற்கு ஒரு வரி எங்கோ அடியில் ஒளிந்திருந்தது. மாற்றினாள். மறுபடி பிடுங்கினாள், சொருகினாள். நீல விளக்கு.

"எந்திரிச்சிருச்சு!" என்றாள் யுவராணி, ஏதோ மயக்கம் தெளிந்த பிள்ளையைப் பார்த்ததுபோல.

அடுத்த தொல்லை ஆடு. தெருவில் மேயும் வெள்ளாடுகள் படியேறினால் பெட்டிக்கு ஆளாகத் தெரிந்தது. மணி அடிக்கும், யுவராணி ஓடிவருவாள், ஆடு நின்று அவளைப் பார்க்கும்.

"ஏடி ஜோதி, ஒன் மெஷினு ஆட்டுக்கெல்லாம் டிக்கெட் கிழிக்குதுடி. லக்கேஜ்னு போடச் சொல்லு."

நாகஜோதி கேமராவைக் கொஞ்சம் உயர்த்தி மாட்டினாள். ஆடு குறைந்தது, நிற்கவில்லை.

அவளை இதெல்லாம் பயமுறுத்தவில்லை. பயம் வேறு. எங்கள் ஊரில் எந்த மின்சாமானும் உப்புக் காற்றுக்குத் தப்பாது. டிவி ரிமோட்டுக்குப் பாலிதீன் உறை போட்டு ரப்பர் பேண்டு சுற்றாத வீடு கிடையாது. கடலுக்குப் போகிறவர்கள் போனை மூன்று கவருக்குள் கட்டிக்கொண்டு போவார்கள். அவளுடைய பழைய கம்ப்யூட்டரைத் திறந்தபோது உள்ளே செம்பெல்லாம் பச்சைப் பாசியாகப் பூத்திருந்தது. இந்தப் பெட்டிக்கோ பக்கவாட்டில் மூக்குப்போல ஓட்டைகள். உள்ளே குட்டி ஃபேன் ஒன்று காற்றை இழுத்துக்கொண்டே இருந்தது. அதை அப்படியே திறந்தபடி வைக்க அவளுக்கு மனம் வரவில்லை.

மீன் வண்டி முஹைதீனிடம் ஒரு தெர்மாகோல் பெட்டி கேட்டு வாங்கினாள்.

"இதுக்குள்ள வச்சு டேப் போட்டுருங்கம்மா. பொட்டுக் காத்து போவாது. நான் ஐஸ் போட்டா ரெண்டு நாளைக்கு உருகாதே!" என்றார் அவர்.

அவளுக்கு அது ஆறுதலாக இருந்தது. ஒயருக்கு மட்டும் துளை போட்டு, அதையும் டேப் வைத்து அடைத்தாள். ராத்திரி முழுக்க ஓடவிட்டுப் பார்த்தாள். குறை ஒன்றும் தெரியவில்லை. ராத்திரி தெருவில் யாரும் நடமாடுவதில்லை, பெட்டிக்கு யோசிக்க வேலையும் இல்லை என்பது அப்போது அவளுக்குத் தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை வழக்கம்போல வேலைக்குப் போனாள். புழுதிக் காற்று, தாரை உருக்குகிற வெயில். முற்பகலில் யுவராணி கடையில் மணி அடித்தது. எட்டிப் பார்த்தாள். படியில் ஒரு கிடா, கொடியில் காயும் துண்டை மென்றுகொண்டிருந்தது. "சீ, போ" என்று விரட்டிவிட்டு மணியை நிறுத்தினாள். ரவிக்கை ஒன்றின் கையைத் தைத்து முடித்தாள். செல்லச்சாமி மாமாவுக்கு டீ கொடுக்கலாம் என்று டம்ளரோடு போனபோது நாற்காலி காலி.

நாகஜோதிக்குப் போன் வந்தது. "ஜோதி, மாமாவக் காணோம்டி."

"மணி அடிக்கலையா மதினி?"

"அடிச்சுச்சு. இப்பத்தான், டீ போடுறதுக்கு முன்ன. ஆடுதான் நின்னுச்சு, அதான்... நான் பின்சந்துல போய்ப் பாக்குறேன். ரொம்பத் தூரம் போயிருக்க மாட்டாரு."

நாகஜோதி போனில் வந்திருந்த படத்தைத் திறந்தாள். காக்கிச் சட்டை, தோளில் பை, படியில் ஒரு கால். படத்தின் மூலையில் கேமரா பதித்த நேரம். படம் எடுத்து அரை மணி ஆகியிருந்தது. பெட்டி பார்த்திருக்கிறது. பார்த்ததைப் புரிந்துகொண்டு சொல்லத்தான் இவ்வளவு நேரம். அந்த அரை மணியில் அவர் சாலையைத் தாண்டியிருப்பார், அல்லது...

"மதினி, சந்துல தேடாதீக. அவரு போயி நேரமாச்சு."

பஸ் ஸ்டாண்டில் டீக்கடை வைத்திருக்கும் மூக்கையாவுக்குப் போன் போட்டாள்.

"செல்லச்சாமி அண்ணனா? வந்தாரே. டீ குடிச்சாரு. முதுகுளத்தூர் வண்டி படியில ஏறி நின்னாரு. எப்பயும்போல ரைட் குடுத்துட்டு எறங்கிருவாருன்னு நெனச்சேன்."

"எறங்குனாரா?"

"பாக்கலையே தாயி."

சாலையில் அடிபடவில்லை. முதல் மூச்சு அப்போதுதான் வந்தது. அந்த வண்டி அவள் இருக்கும் ஊருக்குத்தான் வருகிறது. சொல்லிக்கொள்ளாமல் ஓடினாள். முதுகுளத்தூர் பஸ் ஸ்டாண்டில் வண்டி நுழைவதற்கு முன்பே நுழைவு வாசலில் நின்றாள். மிளகாய் மூட்டை இறங்கியது, பள்ளிப் பிள்ளைகள், ஒரு கோழிக்கூடை. ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். கடைசி ஆளும் இறங்கி, வண்டி காலியானது.

கண்டக்டர் அய்யப்பன் அவளை அடையாளம் கண்டுகொண்டார். "ஒங்க அய்யா பின்னாடி நின்னு டிக்கெட் டிக்கெட்டுன்னு கேட்டுக்கிட்டே வந்தாரு. சனங்க சிரிச்சுச்சு, நானும் பேசாம விட்டேன். கடலாடி தாண்டுனப்பகூட இருந்தாரே..." அவர் காலி சீட்டுகளைப் பார்த்தார். முகம் மாறியது. "அடுத்த ஸ்டாப்புல நான் முன்னால டிக்கெட் போட்டுட்டு நின்னேன். பின்னாடி ஆள் எறங்குச்சு. பின்பக்கம் ரெண்டு தட்டுச் சத்தம், ரைட்டுன்னு கேட்டுச்சு. டிரைவர் நான்தான்னு நெனச்சு எடுத்துட்டாரு. நானும்... அந்தத் தட்டு அச்சு அசலா இருந்துச்சும்மா."

அந்தக் காலத்துக் கண்டக்டர்களுக்கு அது பழக்கம். ஆள் இறங்கும்போது தானும் இறங்கி, எல்லாரையும் இறக்கிவிட்டு, தட்டி ரைட் கொடுத்து, நகருகிற வண்டியில் தாவி ஏறிக்கொள்வார்கள். அய்யா முதல் பாதியைச் சரியாகச் செய்திருக்கிறார். தாவுகிற கால் மட்டும் அவரிடம் இல்லை.

ஆட்டோ பிடித்தாள். கருவேலங்காட்டுக்கு நடுவே போகும் சாலையில் காற்று எதிர்த்தது. டிரைவரை விரட்டவும் தோன்றவில்லை. இரண்டு ஓரமும் பார்த்துக்கொண்டே வந்தாள், எதைப் பார்த்துவிடுவோமோ என்று.

நிழற்குடையில் உட்கார்ந்திருந்தார். ஒரு செருப்பு இல்லை. முழங்கால் தோல் உரிந்து வேட்டியில் ரத்தம். ஓடிப் பார்த்திருக்கிறார். பை மட்டும் தோளில் நேராக இருந்தது.

பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அவளை யாரென்று அவருக்குத் தெரியவில்லை.

"வண்டி என்னைய விட்டுட்டுப் போயிருச்சும்மா," என்றார்.

"அடுத்த வண்டி வரும்யா."

"அதுல கண்டக்டர் யாரு?"

"அய்யப்பன்."

"நல்ல பையன்தான். ரைட் குடுக்காம எடுக்க மாட்டானே." தோளில் கிடந்த பையைத் தடவினார். "யாரு குடுத்தா?"

அவள் அவர் முழங்காலைத் தன் முந்தானையால் ஒற்றினாள்.

வீட்டுக்கு வந்து தெர்மாகோல் மூடியைக் கிழித்துத் திறந்தபோது காய்ச்சல்காரன் மூச்சுபோலச் சூடு முகத்தில் அடித்தது. பெட்டியைத் தொட்டவள் விரலை உதறினாள். சூடு ஏற ஏற, கருகிப்போகாமலிருக்க அது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டே வந்திருக்கிறது. ஒவ்வொரு படமாக, பின்தங்கிப் பின்தங்கிப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. ஐஸை உருகவிடாத பெட்டி சூட்டையும் வெளியே விடாது. முஹைதீன் சொன்னபோதே காதில் விழுந்திருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை முத்துகிருஷ்ணன் கிரில் கதவோடு வந்தான். கூடவே வெல்டிங் முனீஸ்வரன். அய்யாவின் முழங்கால் கட்டைப் பார்த்தவன் தங்கை பக்கம் திரும்பவே இல்லை.

"ஒன் மெஷினு வாயத் தெறக்குறதுக்குள்ள அய்யா கடலாடி தாண்டிட்டாரு."

"அது சொல்லுச்சுண்ணே. நான்தான் வாயப் பொத்தி வச்சுட்டேன்."

"பூட்ட எவன் பொத்துனாலும் அது பூட்டாத்தான் இருக்கும்."

"உள்ள கேஸ் அடுப்பு இருக்கு. அவரு பத்த வச்சுட்டாருன்னா? வெளிய பூட்டிட்டு நான் முதுகுளத்தூர்ல ஒக்காந்திருந்தா யாருண்ணே தெறக்குறது?"

அவன் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தான். ஜன்னலோரத் தட்டில், மூடி எதுவுமில்லாமல், கொசுவலைத் துண்டு ஒன்று மட்டும் போர்த்திக்கொண்டு மினி பிசி ஓடிக்கொண்டிருந்தது.

"சரி. இன்னைக்கு நான் பாக்குறேன். அவரு கெளம்பட்டும். நீ தொடக்கூடாது, கூப்பிடக்கூடாது. மொதத் திருப்பத்துக்குள்ள யுவராணி வரலைன்னா கொண்டி வெல்டிங். பேசக்கூடாது."

"சரிண்ணே."

வெயில் உச்சிக்கு ஏறியது. அய்யா நாற்காலியில் அசையாமல் இருந்தார். எல்லாரும் அவரைப் பார்க்காததுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சட்டென்று எழுந்தார். ஆணியில் தொங்கிய காக்கிச் சட்டையை எடுத்தார். அந்த நொடியில் முத்துகிருஷ்ணன் போய், பெட்டியின் சுவிட்சை அணைத்து மறுபடி போட்டான்.

"அண்ணே!"

"கரண்டு போகாத ஊரா இது?"

நீல விளக்கு செத்தது. பிறகு எழுந்தது. ஆனால் எழுந்தால் போதாது. கேமராக்களைத் தேட வேண்டும், பார்க்கத் தொடங்க வேண்டும். அய்யா பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார். ஒன்று மாறி ஒன்றைப் போட்டுவிட்டு, கழுத்தருகே மிஞ்சிய ஓட்டையைத் தடவிப் பார்த்தார். எல்லாவற்றையும் கழற்றி மறுபடி முதலிலிருந்து போட்டார். நாகஜோதி புடவைத் தலைப்பை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள். பையை எடுத்தார். ஒற்றைச் செருப்பைப் போட்டார், இன்னொன்றைத் தேடவில்லை. வாசல். படி. தெருவில் ஒரு கால். இன்னொரு கால்.

எதிரே மணி அடித்தது.

கழுத்தில் டேப்பும் வாயில் ஊசியுமாக யுவராணி ஓடிவந்தாள். ஊசியைத் துப்பிவிட்டு, அவர் முன்னே பயணிபோல நின்றாள்.

"மாமா, வண்டி லேட்டாம். டைம் கீப்பர் சொல்லிவிட்டாரு. டீ குடிச்சுட்டுப் போவீகளாம்."

அவர் வாட்ச் இல்லாத மணிக்கட்டைப் பார்த்தார். "எம்புட்டு லேட்டு?"

"கொஞ்சந்தேன்."

"இவனுகளுக்கு எப்பயும் லேட்டுதான்," என்று அலுத்துக்கொண்டே திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். பையை இறக்கவில்லை.

வெல்டிங் கம்பியோடு நின்ற முனீஸ்வரன்தான் தொண்டையைச் செருமினான். "அண்ணே, கொண்டி எங்கன வைக்கட்டும்?"

முத்துகிருஷ்ணன் அய்யாவின் சட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தான். இந்தத் தடவை பொத்தானெல்லாம் சரியாக இருந்தது.

"கொண்டி வேணாம்லே. ஆடு ஏறாம இருந்தாச் சரி."

கதவு மாட்டியாயிற்று. தள்ளினால் திறக்கும். உப்புக் காற்று ஜன்னல் வழியே வந்து பெட்டிமேல்தான் அடிக்கிறது. இன்னும் இரண்டு ஆடி தாங்குமா என்று நாகஜோதிக்கே தெரியாது. தினமும் பஸ்ஸுக்குக் கிளம்புமுன் அவள் புறங்கையை இரண்டு இடத்தில் வைத்துப் பார்க்கிறாள்: முதலில் அய்யா நெற்றியில், அப்புறம் அந்தப் பெட்டியின் முதுகில்.